மென்பவளத்துக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி: 100 லிட்டரில் தொடங்குவது எப்படி

சுண்ணாம்பு எலும்பு கட்டும் கல்பவளம் வளர்த்துப் பழகியவர்கள் மென்பவளத் தொட்டியில் செய்யும் முதல் தப்பு, தண்ணீரைப் பளிங்கு மாதிரி வைத்திருக்கப் பார்ப்பது. புதிதாக வருகிறவர்கள் செய்யும் தப்பு வேறு: தொட்டி வந்த வாரமே பவளத்தையும் வாங்கிவிடுவது. லெதர், மஷ்ரூம், ஸோவாந்தஸ் என்று மென்பவளமாக விற்கும் வகையறாக்களுக்கு வேண்டியது கொஞ்சம் சத்துள்ள தண்ணீர், ஏறி இறங்காத உப்பு, அடிக்கடி உள்ளே நுழையாத கை. இவை இருந்தால் சாதாரண விளக்கில்கூட வளரும். இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய கருவி மாட்டினாலும் பாலிப்பை, அதாவது பூ மாதிரி விரியும் குட்டி உடல்களை, உள்ளிழுத்துக்கொண்டு மூடியே கிடக்கும்.

கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரமுள்ள தொட்டிக்கு. கணக்குப்படி 121 லிட்டர் வரும். கல், மணல், மேலே விடும் இடைவெளி போக 100 லிட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே நிற்கும். சின்னத் தொட்டி சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். 30 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் ஆவியானால் உப்பு 35-லிருந்து (பிபிடி, அதாவது ஆயிரத்தில் இத்தனை பங்கு) 36.2-க்குப் போய்விடும். 100 லிட்டரில் அதே ஒரு லிட்டர் போனால் 35.35-தான். தப்பு செய்ய இடம் கொடுப்பது பெரிய தொட்டிதான்.

ஸ்டாண்டோடு சேர்த்து எடை 170 கிலோ வரை வரும், ஆகவே சாதாரண மேஜை தாங்காது. ரசமட்டம் வைத்து இரண்டு திசையிலும் பார்த்துவிட்டுத்தான் தொட்டியை ஏற்ற வேண்டும். அடியில் ஃபிரேம் இல்லாத தொட்டிக்கு ஃபோம் விரிப்பு கட்டாயம். ஃபிரேம் வைத்த தொட்டிக்கு அதைப் போடக் கூடாது, கண்ணாடியில் தேவையில்லாத அழுத்தம் விழும். நேரடி வெயில் படும் ஜன்னல் ஓரம் வேண்டாம். ஒவ்வொரு மின்கம்பியும் பிளக்குக்குப் போகும் முன் ஒரு முறை கீழே தொங்கி வளைந்து மேலேற வேண்டும். கம்பி வழியாக ஓடிவரும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் இல்லாமல் உப்புத் தண்ணீரில் கை வைக்காதீர்கள்.

தண்ணீரும் உப்பும்

குழாய்த் தண்ணீரை வடிகட்டாமல் ஊற்றாதீர்கள். அதில் உள்ள குளோரமின், பாஸ்பேட், சிலிகேட் ஒரு பக்கம். பழைய குழாயிலிருந்து வரும் செம்பு இன்னொரு பக்கம். மீன் தாங்கும் அளவு செம்பே நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும். ஆர்ஓ-வுக்குப் பின்னால், மிச்ச அயனிகளையும் பிடிக்கும் டிஐ ரெசின் மாட்டிய யூனிட்டிலிருந்து, கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்டும் தண்ணீர்தான் வேண்டும். குடிக்கிற ஆர்ஓ மெஷின் போதுமே என்று கேட்பவர்கள் அதில் மீட்டரை ஒரு தடவை முக்கிப் பார்க்கலாம். பல மெஷின்கள் சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கும் அல்லது கொஞ்சம் மூலத் தண்ணீரைக் கலந்துவிடும், எண் 50-க்கு மேல் நிற்கும்.

ரீஃப் சால்ட் என்று எழுதிய உப்பு லிட்டருக்கு 36 முதல் 40 கிராம் வரை பிடிக்கும். பாக்கெட்டில் போட்ட அளவிலிருந்து தொடங்கி, கருவியில் பார்த்துச் சரிசெய்யுங்கள். முதலில் தண்ணீர், அதற்குள் பம்ப் ஓட வேண்டும், பிறகு உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்ட வேண்டும். உப்பைப் போட்டுவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினால், அடியில் நிற்கும் கெட்டியான கரைசலில் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து சுண்ணாம்பாகப் படிந்துவிடும். அந்த வெள்ளைப் படிவு மறுபடி கரையாது. ஒரு நாள் ஓடவிட்டு, தெளிந்தபின் அளந்து பாருங்கள்.

அளக்க ரிஃப்ராக்டோமீட்டர், ஒளி வளைவதை வைத்து உப்பைக் காட்டும் கருவி. முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டினாலே எண் மாறிவிடும். கண்ணாடியில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, குமிழி நிற்காமல் மூடியை இறக்கி, அரை நிமிடம் பொறுத்து, வெளிச்சம் பக்கம் திருப்பிப் பாருங்கள். நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு 35-இல் நிற்க வேண்டும், ஒப்படர்த்தி என்றால் ஏறக்குறைய 1.026. கருவியை 35 பிபிடி கரைசல் வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும். ஆர்ஓ தண்ணீரில் பூஜ்யம் சரியாகக் காட்டும் கருவி, 35-இல் ஒன்றிரண்டு தள்ளிக் காட்டுவது உண்டு. பவளம் ஏன் மூடியிருக்கிறது என்று மாதக்கணக்கில் தேடுகிற பலருக்கு விடை இந்தக் கருவியில்தான் இருக்கும்.

கல், மணல், நீரோட்டம், சூடு

லைவ் ராக் (பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் குடியிருக்கும் ஈரக் கல்) அல்லது காய்ந்த ரீஃப் கல் 10 முதல் 12 கிலோ போதும். காய்ந்த கல்லில் பழைய உயிர்ச் சத்து ஊறியிருக்கும். ஒரு வாளி உப்புத் தண்ணீரில் பம்புடன் இரண்டு வாரம் போட்டு, பாஸ்பேட் எவ்வளவு கசிகிறது என்று டெஸ்ட் செய்துவிட்டு உள்ளே வைப்பது நல்லது. கல்லை நேராக அடிக் கண்ணாடியில் வைத்து, சுற்றிலும் மணலைப் போடுங்கள். மணல் மேல் அடுக்கினால், தோண்டுகிற மீனோ இறாலோ ஒரு நாள் அடியைப் பறித்துவிடும், மொத்தமும் சரியும். கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவே ஐந்தாறு செ.மீ. விட்டால்தான் பாசி சுரண்டும் காந்தம் போகும். ஒரு கல்லை மட்டும் மற்றதிலிருந்து தள்ளி, தீவு மாதிரித் தனியே வையுங்கள். எதற்கென்று பின்னால் வரும்.

மணல், 1 முதல் 2 மி.மீ. பருமனுள்ள அராகனைட் என்னும் சுண்ணாம்பு மணல். 10 முதல் 12 கிலோ போட்டால் மூன்று செ.மீ. உயரம் வரும். மாவு மாதிரி நுண்ணிய மணல் வாங்கினால், நீரோட்டம் தரும் வேவ்மேக்கர் பம்ப் அதைப் பவளத்தின் மேலேயே வாரி இறைக்கும்.

நீரோட்டம் மணிக்கு 1,500 முதல் 2,000 லிட்டர். ஒரே பெரிய பம்பைவிட எதிரெதிர்ப் பக்கம் இரண்டு சின்ன வேவ்மேக்கர், மாறி மாறி ஓடும்படி வைத்தால் நல்லது. இரண்டையும் மேல் மூன்றில் ஒரு பங்கில், நீர்ப்பரப்பு சலசலக்கும்படி லேசாக மேல்நோக்கித் திருப்புங்கள். ஆக்சிஜன் உள்ளே வருவதும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதும் அந்தச் சலசலப்பில்தான். லெதரின் பாலிப்புகள் காற்றில் ஆடும் புல் மாதிரி அசைந்தால் சரி. ஒரே பக்கமாகச் சாய்ந்து படுத்துக் கிடந்தால் ஓட்டம் அதிகம்.

வெப்பநிலை 25, 26 டிகிரி. 100 வாட் ஹீட்டர் போதும். ஆனால் ஹீட்டர்கள் கெட்டுப்போனால் சில சமயம் அணையாமலே நின்றுவிடும், அதனால் தனி தெர்மோஸ்டாட் கன்ட்ரோலர் வழியாக மாட்டுவது புத்திசாலித்தனம். வெக்கை அதிகமான அறையில் பிரச்சினை தலைகீழ். நீர்ப்பரப்பில் வீசும் சின்ன ஃபேன் இரண்டு மூன்று டிகிரி இறக்கும், ஆவியாவதும் கூடவே கூடும். 30-ஐத் தொட்டுத் தொட்டுப் போகிற தொட்டிக்குச் சில்லர்தான் வழி. பவளத் திசுவுக்குள் வாழும் நுண்பாசி அந்தச் சூட்டில் வெளியேறத் தொடங்கும், பவளம் வெளுத்துப்போகும்.

நுரையில் கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் வேண்டுமா? இரண்டு சின்ன மீனும் மென்பவளமும் மட்டும் உள்ள 100 லிட்டருக்கு, வாரம் 10 லிட்டர் தண்ணீர் மாற்றினால் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. அந்தக் காசுக்குப் பின்பக்கம் தொங்கும் ஃபில்டர் ஒன்றும் ஆவியான நீரைத் தானே ஈடுகட்டும் ஆட்டோ டாப்-அப்பும் வாங்கலாம். ஃபில்டரில் பஞ்சு, கூடவே மூன்று நான்கு மேசைக்கரண்டி ஆக்டிவேட்டட் கார்பன். பஞ்சை மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். விட்டால் அதில் சிக்கிய கழிவு அங்கேயே அழுகும்.

ஆட்டோ டாப்-அப்புக்கு உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர்தான். ஆவியாகிப் போவது வெறும் நீர், உப்பு உள்ளேயே நிற்கிறது. அதன் வாளி 10 லிட்டருக்கு மேல் வேண்டாம். சென்சார் சிக்கி முழு வாளியும் கொட்டினாலும் உப்பு 35-லிருந்து 32-க்கு இறங்கும், பவளம் பிழைத்துக்கொள்ளும். 40 லிட்டர் டிரம் வைத்தவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

பாக்டீரியா பிடிக்கும் வரை

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா முதலில் குடியேற வேண்டும். கல், மணல், உப்புத் தண்ணீர், பம்ப், ஹீட்டர் எல்லாம் ஓடட்டும். விளக்கு மட்டும் வேண்டாம், பாசிக்குத்தான் விருந்து. கலப்பில்லாத அம்மோனியம் குளோரைடு 0.6 கிராம் எடுத்துக் கரைத்து ஊற்றினால் 100 லிட்டரில் அம்மோனியா ஏறக்குறைய 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரும். பாட்டில் பாக்டீரியாவும் சேர்த்தால் வேகம் கூடும். செத்த இறாலைப் போட்டு அழுகவிடும் பழைய வழியும் வேலை செய்யும், ஆனால் எவ்வளவு அம்மோனியா வந்தது என்று தெரியாது, நாற்றம் இலவசம்.

இரண்டு நாளுக்கு ஒரு டெஸ்ட் எடுங்கள். அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கி நைட்ரேட் நிற்கும். நைட்ரைட் இருக்கும்போது நைட்ரேட் கிட் தாறுமாறாக அதிகம் காட்டும், அந்த எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள். மறுபடி 2 பிபிஎம் அம்மோனியா விட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமானால் தொட்டி தயார். மூன்று வாரத்திலும் முடியலாம், ஆறு வாரமும் இழுக்கலாம். கடைசியில் நைட்ரேட் 50-க்கு மேல் இருந்தால் பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள்.

இதன் பிறகும் பவளம் உடனே வேண்டாம். விளக்கைத் தினம் ஐந்து மணி நேரம் போடத் தொடங்கி, பாசி தின்னும் டிரோகஸ் நத்தை நான்கு, செரித் நத்தை ஐந்து விடுங்கள். மணலில் பழுப்பு மாவு பூத்தது போல டயட்டம் என்னும் நுண்பாசி வரும், கல்லில் பச்சை முடி முளைக்கும். பார்க்க அசிங்கமாக இருக்கும், அது கடந்துபோகும். இந்தக் கட்டத்தில் மருந்து வாங்கி ஊற்றுகிறவர்கள்தான் தொட்டியை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள். டூத்பிரஷால் தேய்த்து டியூபில் உறிஞ்சி எடுங்கள், போதும். எட்டாவது வாரம் வாக்கில் முதல் பவளம்.

அதற்குள் எண்கள் இப்படி நிற்க வேண்டும்: நைட்ரேட் 5 முதல் 15 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1, ஆல்கலினிட்டி (தண்ணீரின் காரத்தன்மை) அதன் அலகான டிகேஎச்-இல் 8 முதல் 9, கால்சியம் 400 முதல் 440, மெக்னீசியம் 1,250 முதல் 1,350. மென்பவளத்துக்குக் கல் எலும்பு இல்லை, திசுவுக்குள் மணிமணியாகச் சுண்ணாம்புத் துகள்தான். அதனால் கால்சியத்தை மெதுவாகவே குடிக்கும், வாராந்திரத் தண்ணீர் மாற்றமே ஈடுகட்டிவிடும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இரண்டும் பூஜ்யம் காட்டினால் சந்தோஷப்பட வேண்டாம். பவளம் வெளிறிச் சுருங்கும். கூடவே டைனோ என்கிற டைனோஃபிளாஜெலேட் நுண்ணுயிர் வந்து, பழுப்புச் சளி நூல் நூலாக, நுனியில் குமிழியோடு தொங்கும். மீனுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தீனி போடுவதும் பஞ்சைக் குறைப்பதும்தான் அதற்கு முதல் வைத்தியம்.

விளக்கு

நீலம் தூக்கலான ரீஃப் எல்இடி, 8 மணி நேரம், காலை மாலை அரை மணி மெல்ல ஏறி இறங்கும்படி. பார் (PAR) என்பது ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் வெளிச்சத்தின் அளவு. மஷ்ரூமுக்கு அது 40 முதல் 80, மற்றவற்றுக்கு 80 முதல் 150. பார் மீட்டர் இரவல் கிடைத்தால் ஒரு தடவை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். புதிய பவளம் வந்ததும் விளக்கை 40 சதவீதத்துக்கு இறக்கி, வாரம் 10 சதவீதமாக ஏற்றுங்கள். வெளிச்சம் பற்றாத பவளம் கழுத்தை நீட்டிப் பழுப்பேறும், திருத்த மாதங்கள் கிடைக்கும். வெளிச்சம் அதிகமானால் சில நாளில் வெளுத்துவிடும். சந்தேகம் வந்தால் குறைவாகவே வையுங்கள்.

எதை வாங்குவது

கடையில் மென்பவளம் என்று விற்பதில் மஷ்ரூமும் ஸோவாந்தஸும் உண்மையில் வேறு கிளை. அசல் மென்பவளத்தின் பாலிப்பை லென்ஸில் பார்த்தால் எட்டுக் கைகள், ஒவ்வொன்றும் இறகு போலப் பிரிந்திருக்கும். வளர்ப்பில் பெரிய வித்தியாசமில்லை.

முதல் பவளத்துக்கு மஷ்ரூம், கென்யா ட்ரீ, சினுலேரியா. அடுத்து டோட்ஸ்டூல் லெதர் எனப்படும் சார்கோஃபைட்டன், ஸோவாந்தஸ். கிரீன் ஸ்டார் பாலிப்பும் சீனியாவும் அழகு, ஆனால் பாயைப் போல விரிந்து எல்லாவற்றையும் மூடிவிடும். முன்பு தனியே வைத்த கல் இவற்றுக்குத்தான். கார்னேஷன் என்று சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணைப் பறிக்கும் டென்ட்ரோநெப்தியாவைத் தொடாதீர்கள். அதற்குள் நுண்பாசி இல்லை, வெளிச்சத்தை மட்டும் நம்பி வாழாது. நாளெல்லாம் மிதக்கும் நுண்ணுணவு வேண்டும், வீட்டுத் தொட்டியில் பட்டினி கிடந்து கரையும். பைப் ஆர்கன் எனப்படும் டியூபிபோரா மியூசிகா பார்க்கக் குளோவ் பாலிப் என்ற மென்பவளம் போல இருந்தாலும் சிவப்புக் குழல் எலும்பு கட்டும். அது அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலில் உள்ளது, நாட்டு எல்லை தாண்டி வாங்கினால் அனுமதிச் சீட்டு தேவை. எதுவானாலும் கடலில் பெயர்த்ததைவிடத் தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டு, அதாவது ஃபிராக், நல்லது, பெட்டித் தண்ணீருக்கு ஏற்கனவே பழகியிருக்கும்.

ஸோவாந்தஸ், பேலிதோவா இரண்டையும் தொடும்போது ஒரு எச்சரிக்கை. இவற்றில் சிலவற்றில் பேலிடாக்சின் உண்டு, உயிருக்கே ஆபத்தான நஞ்சு. கையுறையும் கண்ணாடியும் போடாமல் வெட்டாதீர்கள். இவை ஒட்டிய கல்லை ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள், வெந்நீர் ஊற்றித் தேய்க்காதீர்கள். ஆவியோடு எழுவதைச் சுவாசித்து வீட்டில் எல்லோரும் மருத்துவமனை போகும்படி ஆகும். வாயில் உலோகச் சுவை, மூச்சுத் திணறல், காய்ச்சல், தசைவலி வந்தால் உடனே மருத்துவரிடம் போய், பேலிடாக்சின் என்ற பெயரையும் சொல்லுங்கள்.

உள்ளே வைப்பது

பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, அரை மணி நேரம் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, பிறகு பூச்சிகளை உதிர்க்கும் கோரல் டிப் கரைசலில் பாட்டிலில் சொன்ன நேரம் வைத்து, லேசாகக் குலுக்குங்கள். குட்டி நூடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை), தட்டைப்புழு உதிர்வதைப் பார்க்கலாம். முட்டைகளை டிப் கொல்லாது. ஃபிராக் ஒட்டியிருக்கும் அடிக்கட்டையான பிளக்கை வெட்டி எறிவதும் ஒரு வாரம் கழித்து மறுபடி டிப் செய்வதும் அதனால்தான். பைத் தண்ணீரும் டிப் தண்ணீரும் தொட்டிக்குள் போகக் கூடாது. கண்ணாடிப் பூ போல நீண்ட கைகளோடு பழுப்பாக ஒன்று ஒட்டியிருந்தால் அது ஐப்டேசியா, தொல்லை தரும் கடல் அனிமோன். கிள்ளினால் துண்டுக்கு ஒன்றாகப் பெருகும், இடத்தோடு சேர்த்து வெட்டி எறியுங்கள்.

சயனோஅக்ரிலேட் ஜெல் கம், அதாவது சூப்பர் குளூ ஜெல், பெரும்பாலானவற்றைப் பிடித்துக்கொள்ளும். மஷ்ரூமை ஒட்டப் பார்ப்பது வீண் வேலை, சளி விட்டு நழுவும். ஒரு சின்னக் கப்பில் கல் துண்டுகளைப் போட்டு, மேலே மஷ்ரூமை வைத்து, வலைத்துணி கட்டி, ஓட்டம் குறைந்த மூலையில் விட்டுவிடுங்கள். இரண்டு வாரத்தில் தானே ஒரு துண்டைப் பற்றியிருக்கும், அந்தத் துண்டை எடுத்து வேண்டிய இடத்தில் ஒட்டலாம். லெதருக்கு மற்றவற்றிலிருந்து 15 செ.மீ. இடைவெளி விடுங்கள். டெர்பீன் என்னும் வேதிப்பொருளைத் தண்ணீரில் கசியவிட்டு அக்கம்பக்கத்தை ஒடுக்கும் பழக்கம் அதற்கு உண்டு. கார்பனை மாதம் ஒரு முறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

டோட்ஸ்டூல் லெதரைப் புதிதாக வைத்தவர்கள் முதல் மாதத்திலேயே ஒரு தடவை பதறுவார்கள். பாலிப் எல்லாம் உள்ளே போய், தலை வழவழவென்று மெழுகு பூசியது போல மினுங்கும். சுருங்கி, நிறம் மங்கி, மேலே தூசியும் பாசியும்கூடப் படியும். நான்கைந்து நாள் போனதும் வெங்காயச் சருகு மாதிரி ஒரு மெல்லிய தோல் ஓரத்தில் கிளம்பி, நீரோட்டத்தில் படபடத்து, துண்டு துண்டாகப் பிய்ந்து போகும். அது தோலுரிப்பு, நோய் அல்ல. உரிய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். வேவ்மேக்கரை அதன் பக்கம் கொஞ்சம் திருப்பிவிட்டால் சீக்கிரம் கழலும். நகத்தால் பிய்க்காதீர்கள், இடம் மாற்றாதீர்கள். தோலுக்குக் கீழே திசு குழைந்து, கருத்து, நாற்றமடித்தால் மட்டும் கதை வேறு: கெட்ட பகுதியைத் தாண்டி நல்ல திசு வரை கூரான பிளேடால் வெட்டி எடுத்துவிட வேண்டும்.

வாரா வாரம்

10 லிட்டர் மாற்றுங்கள். புதுத் தண்ணீர் அதே உப்பு, அதே சூடு. உப்பு, ஆல்கலினிட்டி, நைட்ரேட், பாஸ்பேட் அளந்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். அளக்காத எதையும் ஊற்றாதீர்கள், முக்கியமாக அயோடின். நீரோட்டம் சரியில்லாத மூலையில் சிவப்புப் பட்டுத்துணி போல சயனோ என்னும் பாக்டீரியாப் படலம் படர்ந்தால் உறிஞ்சி எடுத்து, பம்பின் திசையை மாற்றுங்கள். மீன் என்றால் ஒரு ஜோடி கிளவுன், ஒரு கோபி. பட்டாம்பூச்சி மீனும் ஏஞ்சலும் பவளத்தைக் கொறிக்கும். மீனுக்கு நோய் வந்தால் செம்பு மருந்து தனித் தொட்டியில் மட்டும்.

எல்லாப் பவளமும் ஒரே நாளில் மூடிக்கொண்டால் முதலில் உப்பு, அடுத்து சூடு, அடுத்து அன்று தொட்டியருகே என்ன தெளித்தோம் என்று பாருங்கள்: கொசு மருந்து, ரூம் ஸ்பிரே, கையில் தடவிய லோஷன். கார்பனைப் புதிதாக மாற்றி, 20 லிட்டர் தண்ணீர் மாற்றுங்கள். ஒன்று மட்டும் மூடியிருந்தால் அதன்மேல் நத்தை நடந்திருக்கலாம், பக்கத்துப் பவளம் உரசியிருக்கலாம். மூன்று நாள் சும்மா விடுங்கள். மின்சாரம் போனால் முதல் ஆபத்து ஆக்சிஜன் குறைவது. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று தயாராக இருக்கட்டும்.

ஒரு வருடம் போனால் தீவுக் கல் நிரம்பி, கிரீன் ஸ்டார் பாலிப்பின் ஊதாப் பாய் பின் கண்ணாடி மேல் ஏறத் தொடங்கியிருக்கும். பிளாஸ்டிக் பிளேடால் ஓரத்தைக் கிளப்பினால் தோல் போல முழுசாக உரிந்து வரும். இரண்டு செ.மீ. சதுரமாக வெட்டி, தொட்டித் தண்ணீரில் அலசி, சின்னக் கல்லில் ஒட்டி வைத்தால் பத்து நாளில் பாலிப் விரியும். பக்கத்து வீட்டுக்காரர் தொட்டி போட்டிருந்தால் அவருக்கும் ஒன்று கொடுக்கலாம், தனிக் கல்லில் வைக்கச் சொல்லி.